மூன்றாம் வாரத்துக் கொலையாளி

மூணாறு பக்கம், பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில், எழுபத்து நாலாம் வருடம், ஒரு கொலை தவணை முறையில் நடந்தது. சனிக்கிழமைக்கு ஒரு பகுதி.

தவணைக்குக் காரணம் கரண்ட். மலைக்குக் கீழே உற்பத்தியாகும் மின்சாரம் எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்கு மட்டும் வரவில்லை. ஃபாக்டரியிலிருந்து ஒரு வயரை இழுத்து, சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டும் மஸ்டர் கொட்டகையில் நான்கு பல்புகளை எரிய விட மானேஜர் சம்மதித்திருந்தார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கும் கொட்டகை அது. ஒரு மணி நேரத்தில் ஒரு துப்பறியும் நாடகத்தை ஆரம்பித்து முடிக்க முடியாது. அதனால் லேபர் கிளப்பார் அதை நான்கு வாரமாக வெட்டிக்கொண்டார்கள். இதில் ஒரு லாபமும் இருந்தது. ஒரு சனிக்கும் அடுத்த சனிக்கும் நடுவில் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குப் பேச விஷயம் கிடைத்தது.

நாடகத்தின் பெயர் ‘ஏழாம் நம்பர் லயத்து மர்மம்’. எழுதியவர் சூசையப்பன். ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. மூணாறு பஸ் ஸ்டாண்டில் விற்கும் துப்பறியும் புத்தகங்கள் எல்லாவற்றையும் படித்தவர். கொலையாளி யார் என்பதைப் பாதிப் புத்தகத்திலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார்.

முதல் வாரம் திரை விலகியதும் செண்பகம் என்ற பெண் படிக்கட்டின் அடியில் விழுந்து கிடந்தாள். செண்பகமாக நடித்தவன் கபிரியேல். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. மீசை முளைக்காத முகம். பெண் வேஷத்துக்கு லயத்துப் பெண்கள்தான் சேலை கொடுப்பார்கள். இந்தத் தடவை சுருளியம்மாள் தன்னுடைய மாம்பழக் கலர் சேலையைக் கொடுத்திருந்தாள். முகப் பவுடர் மூக்கில் ஏறி, பிணம் ஒரு தடவை தும்மியது. எஸ்.ஐ. சூரியகுமார் அசரவில்லை. “இறந்து வெகு நேரமாகவில்லை” என்று சொல்லித் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கொட்டகை கைதட்டியது.

எஸ்.ஐ. வேஷம் கட்டியவர் சுருளியம்மாளின் புருஷன் பெரியமுத்து. மருந்தடிக்கும் வேலை. ஆறடி உயரம். காக்கி போட்டு நின்றால் நிஜப் போலீஸே நகர்ந்து வழிவிடும் என்று கிளப்பில் சொல்வார்கள்.

இரண்டாவது வாரம் சந்தேகம் ஒரு துணி வியாபாரி மேல் விழுந்தது. தோளில் மூட்டையோடு லயம் லயமாக ஏறி இறங்குகிறவன், பார்வை சரியில்லை, பதில் சரியில்லை. கொட்டகை முழுக்க ஒரே குரலில் “அவன்தான்!” என்றது. சூசையப்பனுக்கு மகிழ்ச்சி. அவர் மனதிலும் அவன்தான்.

செவ்வாய்க்கிழமை சைனுதீன் ஃபாக்டரி வாசலுக்கு வந்தார். பாலக்காட்டுக்காரர், வேலந்தாவளம் பக்கம் கடை. மாதம் ஒரு தடவை இந்த மலைக்குத் துணி கொண்டுவருவார். மூட்டையை இறக்காமலே பேசினார்.

“ஏனுங்க சூசையப்பன், நா உங்குளுக்கு என்ன பாவம் பண்ணுனனுங்க?”

“என்ன பாய், என்னாச்சு?”

“என்னாச்சுங்களா? மூணாம் நம்பர் லயத்துல ‘சேலை பாக்கறீங்களா அம்மணி’ன்னு கேட்டனுங்க. பொட்டுனு கதவச் சாத்திப்போட்டாங்க. அடுத்த ஊட்டுல ஒரு கொளந்த என்னயப் பாத்துப்போட்டு வீறிட்டு அளுவுதுங்க.”

“நாடகத்துல வாரவன் வேற ஆளு பாய். அவன் பேரு ராமசாமி.”

“பேரு ராமசாமிங்க. மூட்டை என்னுதுங்களே! நீலக்கோடு போட்ட மூட்டை. நா தோள மாத்தற மாதிரியே மாத்தறான்னு சொன்னாங்க. இந்த மலைக்கு மூட்ட தூக்கீட்டு வர்றது நா ஒருத்தனுங்க. வேற எவனுங்க ராமசாமி?”

சூசையப்பன் தலையைச் சொறிந்தார்.

“வெளியூருக்காரன் மேல பளியப் போடறது சுளுவுங்க,” என்றார் சைனுதீன். “உள்ளூருக்காரன் ஒருத்தனப் போடுங்க பாக்கலாம். அப்பறம் தெரியுமுங்க, நாடகம் எளுதறது எத்தனை கஷ்டம்னு.”

அது சவாலாகப் பட்டது. சூசையப்பன் துணி வியாபாரியை விடுதலை செய்து, கொலையைக் கங்காணி மேல் வைத்தார். எப்படியோ விஷயம் கசிந்து, மறுநாளே கங்காணி வீரபாண்டி மாடி ஏறி வந்தார். “கங்காணி கொலைகாரன்னு மேடையில காட்டிப்புட்டா, நாளைக்கு எந்தப் பொம்பளை எனக்குப் பயந்து கொழுந்து நிரையில நிப்பா?” என்று கேட்டார். கொலைகாரன் என்றால் இன்னும் நன்றாகப் பயப்படுவார்களே என்று சொல்ல வந்து, சூசையப்பன் வாயை மூடிக்கொண்டார். கொலை கம்பவுண்டருக்கு மாறியது. கம்பவுண்டர் அன்று மாலையே வந்து, இருமல் மருந்தில் தான் தண்ணீர் கலப்பதாக நாடகத்தில் வந்தால் நடப்பதே வேறு என்றார். இருமல் மருந்து பற்றி நாடகத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அன்றுதான் தோட்டத்துக்கு அந்த விஷயம் தெரிந்தது.

மூன்றாம் வாரத்து நாடகம் ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ ஒரு வாரம் தள்ளிப்போனது.

“எல்லாரும் சண்டைக்கு வாராவ,” என்றாள் சூசையப்பனின் மனைவி பிலோமி, கிழங்கு உரித்துக்கொண்டே. “சண்டைக்கு வராத ஆளாப் பாத்துப் போடும்.”

“அப்படி எவன் இருக்கான் இந்தத் தோட்டத்துல?”

“புருசன்.”

“எந்தப் புருசன்?”

“அதான் சொல்லுதேன். செண்பகத்தைத் தள்ளிவிட்டது அவ புருசன்னு எழுதும். எவனாவது வந்து ‘எப்படிவே என்னைய எழுதலாம்’னு கேப்பானா?”

சூசையப்பன் மனைவியை மரியாதையோடு பார்த்தார். அன்றே எழுத உட்கார்ந்தார். வசனம் தானாக வந்து விழுந்தது. இவ்வளவு வேகமாக அவர் எழுதியதே இல்லை.

லயத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரை போவதில்லை. ஒரு ஆள் கைதூக்கி நிற்கும் உயரத்தோடு நின்றுவிடும். முதல் வீட்டில் கொட்டாவி விட்டால் கடைசி வீட்டில் தூக்கம் வரும். இப்படி ஒரு இடத்தில் மனிதர்கள் சேர்ந்து வாழ வேண்டுமென்றால் ஒரு மரியாதை தேவைப்படுகிறது. சுவர் தாண்டி வருவது காதில் விழவில்லை என்பதுதான் அந்த மரியாதை. பக்கத்து வீட்டில் அரிசி தீர்ந்துபோனதைக் கேட்டவள், கொஞ்ச நேரம் கழித்துச் சட்டியோடு போய், “இன்னைக்கு என்னமோ கூடுதலா ஆக்கிட்டேன்” என்பாள். அடுத்த வீட்டுப் பெண் சமைந்ததை எல்லோரும் கேட்டிருப்பார்கள். ஆனாலும் முறைப்படி வந்து சொல்லும்போது கன்னத்தில் கைவைத்து, “அப்படியா!” என்று வியப்பார்கள்.

அந்த ஏழாம் நம்பர் லயத்தில்தான் பெரியமுத்து சில நாட்களில் குடித்துவிட்டு வந்து சுருளியம்மாளை அடிப்பார். அதுவும் யார் காதிலும் விழவில்லை. கடைசி வீட்டில் ஒருத்தி வெறும் உரலை இடிக்க ஆரம்பிப்பாள். மறுபக்கத்து வீட்டுக் கருத்தப்பாண்டி இருமுவார். ஒட்டிய வீட்டுக்காரரான சூசையப்பன் டிரான்சிஸ்டரைச் சத்தமாக வைப்பார். அந்த நேரத்தில் பெரும்பாலும் உழவர்களுக்கான நிகழ்ச்சிதான் வரும். நெல் பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி அந்த லயத்துக்குத் தெரிந்த அளவு வேறு எந்தத் தேயிலைத் தோட்டத்துக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை மஸ்டர் கொட்டகையில் ஒத்திகை. சுருளியம்மாளும் வந்திருந்தாள். கபிரியேல் போன வாரம் முந்தானையில் ஆணி மாட்டிக் கிழிக்கப் பார்த்தான். அதனால் சேலைக்குக் காவல்.

புருஷனாகப் பொன்ராஜ். காட்சிப்படி செண்பகம் சோறு போட வருவாள். புருஷன் கையை ஓங்குவான். பொன்ராஜ் ஓங்கினான். கபிரியேல் தட்டைக் கையில் பிடித்தபடி, எழுதிக் கொடுத்ததை எழுதியபடியே சொன்னான்:

“செத்தப் பொறுய்யா. தட்டைக் கீழ வச்சுக்கிறேன், அப்புறம் அடி. போன தடவை நெளிஞ்சதே இன்னும் நேராகலை.”

சூசையப்பன் அந்த இடத்தில் பெரிய சிரிப்பை எதிர்பார்த்திருந்தார். நாடகத்திலேயே அவருக்கு மிகவும் பிடித்த வசனம் அது. எழுதிவிட்டுத் தானே இரண்டு தடவை படித்துச் சிரித்திருந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. பொன்ராஜின் கை ஓங்கியபடியே நின்றது. ஏழாம் நம்பர் லயத்துக்காரர்கள் எல்லோரும் கொட்டகையின் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சூசையப்பன், “ஏன்டே, சிரிப்பு வரலியா?” என்று கேட்டபடி திரும்பினார். சுருளியம்மாளின் முகத்தைப் பார்த்தார். அந்த வசனம் தன்னுடையது அல்ல என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. உழவர் நிகழ்ச்சிக்கு நடுவே சுவருக்கு மேலாக வந்து, கேட்காத காதில் விழுந்து, தங்கிவிட்ட வசனம்.

பெரியமுத்து லத்தியின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அடுத்த சீன் என்ன?” என்றார்.

அன்று மத்தியானம் மழை. பெரியமுத்து மீசை ஒட்டும் பசை வாங்க மூணாறு பஜாருக்குப் போயிருந்தார். சூசையப்பன் தரையில் உட்கார்ந்து காகிதங்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவருக்கு மேலிருந்து குரல் வந்தது.

“அண்ணே.”

சூசையப்பனின் கை டிரான்சிஸ்டரைத் தேடிப் போனது.

“அண்ணே, இருக்கீகள்ல? உங்களுக்குத்தான் எதுவும் கேக்காதே. இருந்தாலும் சொல்றேன்.”

பிலோமி கரண்டியால் அவர் முழங்காலில் இடித்தாள். “பதில் சொல்லும்.”

“நான்... நான் ஒண்ணும் கேக்கலையே தாயி,” என்றார் சூசையப்பன்.

“கேக்காமத்தேன் எழுதுனீகளா?”

சூசையப்பன் காகிதங்களைக் கவிழ்த்து வைத்தார்.

“எனக்கு அழுகையெல்லாம் இல்லண்ணே. கேளுங்க. காலையில இருந்து இவரு என்கூட ஒத்த வார்த்தை பேசலை. ‘நீதேன் போய்ச் சொன்னியா’ன்னு மட்டும் ஒருக்காக் கேட்டாரு. சனிக்கிழமை அந்தப் பேச்சை மேடையில சொன்னா, தோட்டத்து மூணு டிவிசனும் விழுந்து விழுந்து சிரிக்கும். திங்கக்கிழமை நான் கொழுந்துக்குப் போகணும். ‘ஏன்டி, தட்டு நேராகிருச்சா’ன்னு நிரைக்கு நிரை கேப்பாளுக. அதைக் கேட்டுட்டு வீட்டுக்கு வந்தா, இவரு வேற கேப்பாரு. ரெண்டு பக்கமும் நான்தேன் வாங்கணும்.”

“எடுத்திருதேன் தாயி! மொத்தக் காட்சியும் எடுத்திருதேன். செண்பகத்தை யானை மிதிச்சிட்டுன்னு முடிச்சிருதேன்.”

“படிக்கட்டுலயா?” என்றாள் பிலோமி.

“எடுக்க வேணாம்ண்ணே,” என்றது சுவர். “எடுத்தா மறுபடியும் யாரும் கேக்கலைன்னு ஆகிப்போகும். போடுங்க. ஆனா ஒழுங்காப் போடுங்க.”

“ஒழுங்கான்னா?”

“மொதல்ல அவளை எந்திரிக்க விடுங்க. ரெண்டு வாரமா அந்தப் பிள்ளை கீழ கெடக்குறதைத் தவிர என்ன செஞ்சா? அவளுக்கு ஒரு சோலி இல்லையா, ஒரு பேச்சு இல்லையா? கொழுந்து நிறுக்குற எடத்துல அவதேன் மொத ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“அவ செத்துட்டாளே தாயி. நானூறு பேரு பாத்திருக்காவ.”

“நானூறு பேரும் அவ தும்முனதையும் பாத்தாக. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறப்ப உசுரு இருந்துச்சுன்னு சொல்லுங்க. யாரு வேண்டாம்பா?”

சூசையப்பன் அதை யோசித்தார். துப்பறியும் புத்தகங்களில் இதைவிட மோசமாகப் பிழைத்தவர்கள் உண்டு.

“சரி. பெறகு?”

“அடிக்கிறதை மேடையில வைக்காதீக. அது யாருக்கும் புதுசு இல்லை. நாலு பேரு பாத்து ரசிப்பான். ரெண்டு பேரு பாத்துக் கத்துக்கிடுவான்.”

“அடி இல்லாம எதைத் தாயி காட்ட?”

“பக்கத்து வீட்டைக் காட்டுங்க.”

“பக்கத்து வீட்டுல என்ன இருக்கு?”

“அடி விழுறப்ப ரேடியோவைக் கூட்டி வைக்கிறான்ல ஒருத்தன். அவனைக் காட்டுங்க.”

பிலோமி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

“எனக்கும் ஒரு கவுரவம் இருக்கு, பாத்துக்க தாயி,” என்றார் சூசையப்பன்.

“பாய்க்கு இல்லையாக்கும்? கம்பவுண்டருக்கு இல்லையாக்கும்? அவுக எல்லாரும் வந்து உங்ககிட்டச் சண்டை போட்டாகள்ல. நீங்களும் போய் நாடகம் எழுதுனவர்கிட்டச் சண்டை போடுங்க.”

அதன்பின் இருவரும் மழை விடும்வரை பேசினார்கள். அவள் சொன்னது எல்லாவற்றையும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் செண்பகம் எஸ்.ஐ.யைக் கன்னத்தில் ஒரு அறை விட வேண்டும் என்றாள். அது கதையில் சேராது, பெரியமுத்துவும் சம்மதிக்க மாட்டான் என்றார். அப்படியானால் ஒரு பாட்டும் டான்ஸும் வேண்டும் என்றாள். ஒரு மணி நேரத்தில் பாட்டுக்கு இடமில்லை என்றார். “கஞ்சப்பய நாடகம்,” என்றாள். எஸ்.ஐ. முடிவில் குடும்பப் பெண்களுக்கு நீளமாகப் புத்தி சொல்லும் பேச்சு ஒன்று இருந்தது. அதை இருவரும் சேர்ந்து வெட்டினார்கள். வெட்டும்போது சூசையப்பனுக்குத்தான் கூடுதல் வலி.

பெரியமுத்துவிடம் சூசையப்பன் மறுநாள் சொன்னார்: “அந்த வசனத்தை எடுத்தாச்சு.”

“எந்த வசனம்?” என்றார் பெரியமுத்து. அவருக்கும் லயத்து மரியாதை தெரியும்.

அந்தக் கிளப்பில் முழு நாடகமும் யார் கையிலும் இருக்காது. அவரவர் பேச வேண்டியதை மட்டும் தனித் தாளில் எழுதிக் கொடுப்பார்கள். முழுசாகக் கொடுத்தால் கொலையாளி யார் என்பது அன்றைக்கே பஜார் வரை போய்விடும். பெரியமுத்துவின் தாளில் அந்த வாரம் கொஞ்சமே இருந்தது. ‘நேற்றுச் சாயங்காலம் ஏதாவது சத்தம் கேட்டதா?’ ‘உனக்குக் கேட்டதா?’ ‘உங்களில் யாருக்காவது கேட்டதா?’ ‘யார் அடித்தது?’ எஸ்.ஐ.க்கு இவ்வளவுதானா என்று அவர் முகம் சுளித்தார். வாரம் முழுக்க மழை பெய்ததால் வேறு ஒத்திகையும் நடக்கவில்லை.

சனிக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. பிராயச்சித்தமாகச் சைனுதீனுக்குச் சொல்லியனுப்பி, முன்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மூட்டையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் செண்பகம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். “அன்னைக்கே தும்முனாள்ல, நான் சொன்னேன்ல!” என்று ஆளாளுக்குப் பெருமைப்பட்டார்கள். செண்பகம், என் கூடையை எவ எடுத்தா, என் நிரையில எவ பறிக்கிறா என்று நர்ஸிடம் சண்டை போட்டாள். கொழுந்துப் பெண்கள் ஆரவாரித்தார்கள். இந்தப் பிள்ளை நல்லாயிருக்கணும் என்று அவர்கள் நினைத்த நிமிடத்தில் திரை மாறியது.

இப்போது மேடையில் இருந்தது பக்கத்து வீடு. அந்த வேஷத்துக்கு யாரும் முன்வராததால் சூசையப்பனே டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். திடீரென்று தலையைத் தூக்கினார். சுவரைப் பார்த்தார். ரேடியோவைக் கொஞ்சம் கூட்டினார். காத்திருந்தார். குறைத்துப் பார்த்தார். அவசரமாக இன்னும் கூட்டினார். நெற்பயிரைத் தாக்கும் புகையானைப் பற்றி ஒரு குரல் கொட்டகை அதிரப் பேசியது. இன்னொரு மூலையில் பெண் வேஷத்தில் ஒருவன் ஓடிவந்து வெறும் உரலை இடித்தான். பொன்ராஜ் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு இருமினான்.

“ஏலே, இது நம்ம கருத்தப்பாண்டி இருமல்டா!” என்று யாரோ கத்த, கொட்டகை சிரித்து உருண்டது. கருத்தப்பாண்டியே சிரித்தார். எல்லா லயத்துக்காரர்களும் அவரவர் உரலை, அவரவர் ரேடியோவை அடையாளம் கண்டுகொண்டார்கள். மேடையில் அடியும் இல்லை, அழுகையும் இல்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது. எதற்காக இடிக்கிறார்கள் என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நேரத்தில் ஞாபகம் வந்தது.

எஸ்.ஐ. சூரியகுமார் நுழைந்தார். வழக்கமான கைதட்டல் வரவில்லை.

“நேற்றுச் சாயங்காலம் ஏதாவது சத்தம் கேட்டதா?”

“கேக்கலைங்க ஐயா,” என்றார் சூசையப்பன், ரேடியோவைக் கட்டிக்கொண்டு.

“உனக்குக் கேட்டதா?”

“உரல் இடிச்சுக்கிட்டு இருந்தேனுங்க ஐயா.”

“உனக்கு?”

பொன்ராஜ் இருமினான்.

பெரியமுத்துவின் நெற்றியில் வியர்வை இருந்தது. ஆனால் அவர் நல்ல நடிகர். தாளில் உள்ளபடி மேடையின் முன்பக்கம் வந்து, கொட்டகையைப் பார்த்துக் கேட்டார்: “உங்களில் யாருக்காவது கேட்டதா?”

இங்கே ஒரு மௌனம் வர வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

“கேட்டுதுங்க,” என்றது முன்வரிசை.

சைனுதீன் எழுந்து நின்றுகொண்டிருந்தார். லயத்தில் வாழாத மனிதர். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

“எனக்குக் கேட்டுதுங்க. எந்த ஊடுன்னு சொல்லமாட்டனுங்க. போன மாசம் துணி கொண்டாந்தப்ப. கதவத் தட்டலாம்னு கை தூக்கீட்டனுங்க. அப்பறம் அசலூருக்காரனுக்கு எதுக்கு வம்புன்னு போயிட்டனுங்க. அது தப்புங்க.” சொல்லிவிட்டு மூட்டையோடு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து பிலோமி எழுந்தாள். “எனக்கும் கேட்டுச்சு.”

“எங்க லயத்துலயும் கேக்குது!” என்றது கீழ் டிவிஷன் பக்கமிருந்து ஒரு குரல். அந்த லயத்து ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எங்களுக்கு ரெண்டு வீட்டுல இருந்து கேக்குது!” என்று இன்னொருத்தி சொன்னாள். அதற்குச் சிலர் சிரித்தார்கள். பிறகு யார் எந்த டிவிஷன் என்று தெரியாதபடி குரல்கள் வந்தன. ஆண்கள் பக்கம் முழுவதும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படுதாவுக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் ஆசீர்வாதத்துக்குக் காது மந்தம். நாடகம் நின்றுவிட்டது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. “யார் அடித்தது?” என்று கிசுகிசுத்தார்.

பெரியமுத்து லத்தியைக் கை மாற்றினார்.

“யார் அடித்தது?” என்றார் ஆசீர்வாதம், கொஞ்சம் பலமாக.

பெரியமுத்துவின் கண் பெண்கள் பக்கம் போனது. சுருளியம்மாள் தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். தலை குனியவில்லை. கோபமாகவும் பார்க்கவில்லை. அடுத்து என்ன என்று நாடகம் பார்க்கிறவள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஏம்ப்பா, யார் அடித்தது?” என்று ஆசீர்வாதம் போட்ட சத்தம் ஃபாக்டரி வரை கேட்டிருக்கும்.

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றினார். தாளில் அப்படி எதுவும் இல்லை.

“வெசாரணை நடந்துக்கிட்டிருக்கு,” என்றார் பெரியமுத்து, சூரியகுமாரின் குரலில் அல்ல, தன் குரலில். சொல்லிவிட்டு வெளியேறும் பக்கம் தெரியாமல் மேடையின் முன்புறமாகவே இறங்கி, ஜனங்களுக்கு நடுவே நடந்து போனார். வழிவிட்டார்கள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு மணி நேரம் முடிந்து கரண்ட் போனது.

சுருளியம்மாள் வீட்டுக்கு வந்தபோது பெரியமுத்து காக்கியோடு அடுப்படிப் பக்கம் நின்றிருந்தார். அவள் சோறு போட்டாள். அவர் உட்காரவில்லை.

“எல்லாம் உன் வேலைதானேடி?” என்றார். குரல் ஒரு படி ஏறியது. “சொல்லு. உன் வேலைதானே?”

“கேக்குது மதினி!” என்றாள் பிலோமி, சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து.

பெரியமுத்து திரும்பினார்.

“இங்கயும் கேக்குதப்பா,” என்றார் கருத்தப்பாண்டி மறுபக்கத்திலிருந்து. இருமாமல் சொன்னார்.

“எங்களுக்குச் சரியாக் கேக்கலை,” என்றது கடைசி வீடு. “கொஞ்சம் சத்தமாப் பேசச் சொல்லுங்க!”

லயம் முழுக்கச் சிரிப்பு ஓடியது. பெரியமுத்து அந்தச் சுவரைப் பார்த்தார். இந்தச் சுவரைப் பார்த்தார். கூரைக்குக் கீழே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார்.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. சுருளியம்மாளும் சொல்லவில்லை. ஆனால் அன்று அவர் கை தட்டோடு நின்றது. அடுத்து ஒரு நாள் குடித்துவிட்டு வந்து குரலை உயர்த்தியபோது, கதவைத் தட்டி, “நெருப்பு இருக்கா?” என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு வந்தார்கள். அத்தனை பேர் வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு அணைந்த ஆச்சரியத்தைச் சொல்லிப் பெரியமுத்துவே தலையில் அடித்துக்கொண்டார். சுருளியம்மாளுக்கும் இதில் தொந்தரவு இல்லாமல் இல்லை. சட்டி கை தவறி விழுந்தால்கூட, “என்ன மதினி?” என்று எட்டு வீட்டிலிருந்து கேட்கிறார்கள், மனுசிக்கு ஒரு சட்டியை நிம்மதியாக உடைக்க முடியவில்லை என்று பிலோமியிடம் முறையிட்டாள்.

நாலாம் வாரத்து நாடகம் நடக்கவில்லை. எஸ்.ஐ. வேஷத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்று கிளப்பில் சொன்னார்கள். சூசையப்பன் அடுத்த வருஷத்துக்கு ஒரு சரித்திர நாடகம் யோசித்துக்கொண்டிருந்தார். ராஜாக்கள் யாரும் மாடி ஏறி வந்து சண்டை போட மாட்டார்கள்.

நாடகம் நடக்காத சனிக்கு அடுத்த திங்கட்கிழமை நிரையில் நின்ற பெண்களுக்குத்தான் பொறுக்கவில்லை. “ஏக்கா,” என்று ஒருத்தி செடிக்கு மேலாகச் சுருளியம்மாளைக் கூப்பிட்டாள். “உன் வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்கும்ல. உள்ளதைச் சொல்லு. கடைசியில யாரு கொலைகாரன்?”

சுருளியம்மாள் கைநிறைய இருந்த கொழுந்தைத் தோளுக்கு மேலாகக் கூடையில் போட்டாள்.

“கொலைதேன் நடக்கலையேடி,” என்றாள். “நடக்காமப் பாத்துக்கிட்டு இருக்கோம்.”